உடம்பில் காயம் இல்லை, ஆனாலும் ஆறவில்லை

இந்த மாதப் பாடம்: பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயும், அதற்குரிய நிபுணர் உதவியும்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், வட்டி என்று மாதா மாதம் பேசுகிறோம். இந்த மாதம் மனசைப் பற்றிப் பேசுவோம். "அதுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ஒரு நல்ல உறுப்பினரைக் குழுவை விட்டே நீக்கப் பார்த்தோம். தப்பு அவரிடம் இல்லை, எங்களுடைய அறியாமையில் இருந்தது. அந்தக் கதையை அவரது அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று சொன்னார். அதனால் 'அந்தச் சகோதரி' என்றே சொல்கிறேன்.

அந்தச் சகோதரி ஒரு செராமிக் பட்டறையில் ஃபினிஷிங் வேலை பார்த்தவர். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொருளின் ஓரம் சீவி, ஸ்பாஞ்ச் வைத்துத் துடைத்து, சூளைக்கு அனுப்புகிற வேலை. ஒரு நாள் சூளையின் பர்னர் பக்கமிருந்து திடீரென்று தீ வெளியே அடித்தது. பக்கத்தில் நின்ற தோழி மேல் பட்டது. தண்ணீர் ஊற்றியதும், சாக்கு போட்டு அணைத்ததும், ஆட்டோவில் மடியில் வைத்துத் தூக்கிப் போனதும் இவர்தான். நான்காம் நாள் தோழி இறந்துபோனார். இவருக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை.

எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "உனக்கு ஒண்ணும் ஆகலையே, சாமி காப்பாத்திச்சு."

அப்புறம்தான் ஆரம்பித்தது. கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கமாட்டார், மகள்தான் பற்ற வைக்கவேண்டும். ராத்திரி அலறிக்கொண்டு எழுந்திருப்பார். பட்டறை இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போவார். டீசல் வாசனை வந்தால் கை நடுங்கும். பிள்ளைகள் தட்டைக் கீழே போட்டால்கூட அடித்துவிடுவார். மூன்று கூட்டத்துக்கு வரவில்லை, சந்தா கட்டவில்லை, கடன் தவணையும் நின்றது. வீட்டில் காத்து கருப்பு என்று மந்திரித்தார்கள். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினார்கள். ஐந்து மாதம் ஆகியும் சரியாகவில்லை.

கூட்டத்தில் சிலர், "வேணும்னே கட்டாம இருக்கா, பேரை எடுத்துடலாம்" என்றார்கள். நான் அதைவிடப் பெரிய தப்பு செய்தேன். வற்புறுத்திக் கூட்டத்துக்கு அழைத்து வந்து, பதினைந்து பேர் முன்னால், "நடந்ததை எல்லாம் ஒண்ணுவிடாம சொல்லிடும்மா, மனசுல இருக்கறது வெளிய வந்துட்டா லேசாயிடும்" என்றேன். பாதியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது, மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் கதவையே திறக்கவில்லை.

நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். ஆனால் தெரியாமல் செய்கிற நல்லது காயத்தைக் கீறிவிடும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அதனால்தான் இந்தப் பாடம்.

இது என்ன நோய்?

உயிருக்கு ஆபத்தான ஒன்றை அனுபவித்தவர்களுக்கும், கண்ணெதிரே பார்த்தவர்களுக்கும் வரக்கூடிய மனநோய் இது. விபத்து, தீ, வெள்ளம், கொலை, பாலியல் வன்முறை, வருஷக்கணக்கில் வாங்கிய அடி, உயிர் போய் வந்த பிரசவம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய்' என்பது இதன் பெயர். டாக்டர்கள் சுருக்கமாக பி.டி.எஸ்.டி. என்பார்கள். முதல் உலகப்போரில் சிப்பாய்களுக்கு வந்தபோது 'ஷெல் ஷாக்' என்றார்கள், கோழைத்தனம் என்றும் திட்டினார்கள். 1980ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இப்போதுள்ள பெயரைக் கொடுத்து நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அதிர்ச்சி கண்ட எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நூறு பேரில் சுமார் 70 பேர் வாழ்நாளில் இப்படி ஒரு கொடிய சம்பவத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 5, 6 பேருக்குத்தான் இது நோயாகத் தங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நம்மைப் போன்ற நாடுகளில் இந்த நோய் உள்ள நான்கு பேரில் ஒருவர்தான் சிகிச்சை தேடிப் போகிறார். மற்ற மூன்று பேர் நம் நடுவிலேயே, 'ஒரு மாதிரியா இருக்கா' என்ற பெயரோடு இருக்கிறார்கள்.

நம் மாவட்டம் அறிந்த துயரம்

இது எங்கோ இருக்கிற கதை இல்லை. 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தபோது தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். நம் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு போன்ற கடலோர ஊர்களில் பிள்ளையைக் கைநழுவ விட்ட தாய்மார்கள் இருந்தார்கள். அரிசியும் துணியும் கூரையும் வந்து சேர்ந்தன. ஆனால் அலைச் சத்தம் கேட்டாலே ஓடுகிறவர்களுக்கும், தூக்கமே வராதவர்களுக்கும் அரிசி மட்டும் போதாது என்பது சீக்கிரமே தெரிந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் தமிழக கடலோரத்துக்கு வந்தார்கள். ஊரிலேயே இருக்கிற தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 'காது கொடுத்துக் கேளுங்கள், அழுதால் அழ விடுங்கள், முற்றியவர்களை டாக்டரிடம் அனுப்புங்கள்' என்பதுதான் அதன் சாரம். பேரிடர் என்றால் மனநல உதவியும் நிவாரணத்தில் ஒரு பகுதி என்பதை நம் மாநிலம் அப்போது கண்கூடாகக் கண்டது.

அதற்குப் பிறகும் துயரம் நிற்கவில்லை. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2020ல் மே மாதமும் ஜூலை மாதமும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் 4ல் காட்டுமன்னார்கோயில் பக்கம் குருங்குடியில் வெடிக் கடையில் வேலை பார்த்த பெண்கள் பலியானார்கள். இறந்தவர் கணக்கு பேப்பரில் வந்தது. பக்கத்தில் நின்று பார்த்தவர்களின் மனசுக் கணக்கு எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

எப்படித் தெரிந்துகொள்வது?

நான்கு விதமான அடையாளங்கள் உண்டு.

1. திரும்பத் திரும்ப வருவது: நடந்தது கனவாக வரும். விழித்திருக்கும்போதே இப்போது நடப்பது போல் கண்முன் ஓடும். வாசனை, சத்தம், ஒரு இடம் என்று எதுவும் அதைக் கிளப்பிவிடும்.

2. விலகி ஓடுவது: அந்த இடத்துக்கும் வேலைக்கும் போகமாட்டார். அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

3. எண்ணமும் உணர்வும் மாறிப்போவது: "நான்தான் காரணம்", "யாரையும் நம்ப முடியாது" என்ற எண்ணம். பிள்ளைகளிடம்கூட ஒட்டுதல் இருக்காது. சிரிப்பு மறந்துபோகும்.

4. எப்போதும் உஷார் நிலை: சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். கோபம், தூக்கமின்மை, படபடப்பு. கதவைப் பூட்டினோமா என்று பத்து தடவை பார்ப்பது.

சம்பவம் நடந்த முதல் சில வாரங்களில் இவை யாருக்கும் வரலாம். பலருக்குத் தானாகவே குறைந்துவிடும். ஆனால் ஒரு மாதம் தாண்டியும் நீடித்து, வேலை, சமையல், பிள்ளைகள், உறவு எல்லாம் கெட்டுப்போனால் டாக்டரிடம் போகவேண்டும். சிலருக்கு ஆறு மாதம் கழித்துக்கூடத் தலைகாட்டும். "இவ்வளவு நாள் நல்லாத்தானே இருந்தா" என்று சந்தேகப்படாதீர்கள்.

யாரிடம் போவது?

'மனசு டாக்டர்' என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் பல பேர் இருக்கிறார்கள்.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேல்படிப்பு படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார்.

மருத்துவ உளவியலாளர்: 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்பார்கள். மருந்து தரமாட்டார், பேச்சு வழிச் சிகிச்சை தருவார். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவராக இருக்கவேண்டும். பதிவு எண்ணைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

மனநல சமூகப் பணியாளர்: குடும்பத்தோடு பேசுவார், உதவித் திட்டங்களோடு இணைத்துவிடுவார்.

ஆலோசகர்: ஆறுதலாகக் கேட்பார், வழிகாட்டுவார். எல்லா ஆலோசகரும் இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் பயிற்சி பெற்றவர் அல்ல.

சாதாரணக் கவலைக்கு ஆலோசகர் போதும். பேரதிர்ச்சி நோய்க்கு, அதற்கென்று பயிற்சி பெற்ற நிபுணர் வேண்டும். எலும்பு முறிந்தால் எலும்பு டாக்டரிடம் போகிறோம் இல்லையா, அதுபோலத்தான். போகிற இடத்தில் நேராகக் கேளுங்கள்: "அதிர்ச்சியால வந்த மனநோய்க்குப் பேச்சு சிகிச்சை இங்க இருக்கா? இல்லைன்னா எங்க அனுப்புவீங்க?"

எங்கே போவது?

முதல் படி, போன். 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். இது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

இரண்டாம் படி, விருத்தாசலம் அரசு மருத்துவமனை அல்லது உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். "மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை, எங்க வருவாங்க?" என்று கேளுங்கள். பொது டாக்டரிடமே விஷயத்தைச் சொல்லி மேல் சிகிச்சைக்குச் சீட்டு எழுதி வாங்கலாம்.

மூன்றாம் படி, பெரிய ஆஸ்பத்திரி. கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் உள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (பழைய ராஜா முத்தையா), புதுச்சேரி ஜிப்மர், சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 'கீழ்ப்பாக்கம்' என்றாலே கேலி செய்கிற பழக்கம் நம் சினிமா கொடுத்தது. 1794ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிக்குப் புறநோயாளியாக வந்து, மருந்து வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். போனாலே அடைத்துவிடுவார்கள் என்பது பொய்.

வேலையிடத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த மருந்தகம் வழியாகவும் போகலாம்.

போகும்போது எடுத்துப்போக: ஆதார் நகல், பழைய மருந்துச் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள், எப்போதிலிருந்து என்னென்ன தொந்தரவு என்று எழுதிய ஒரு தாள். டாக்டர் முன்னால் பேச்சு வராதவர்கள் அந்தத் தாளை நீட்டினால் போதும். கூட ஒருத்தர் துணைக்குப் போங்கள்.

அங்கே என்ன செய்வார்கள்?

ஷாக் கொடுப்பார்கள், ஊசி போட்டுத் தூங்க வைப்பார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. இந்த நோய்க்கு முக்கியச் சிகிச்சை பேச்சுதான்.

முதல் ஒன்றிரண்டு தடவை, என்ன தொந்தரவு என்று கேட்பார்கள். இது ஏன் வருகிறது என்று விளக்குவார்கள். மூச்சை நிதானமாக விடவும், பயம் வரும்போது 'இப்போ நான் எங்க இருக்கேன்' என்று நிலைக்கு வரவும் பழக்குவார்கள். அதன் பிறகுதான் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, பாதுகாப்பான இடத்தில், நம் சம்மதத்தோடு பேச வைப்பார்கள். "என்னாலதான் செத்தா" என்பது போன்ற எண்ணத்தை எடுத்து, உண்மைதானா என்று கூடவே இருந்து ஆராய்வார்கள். பயந்து ஒதுக்கிய இடத்துக்கும் பொருளுக்கும் படிப்படியாகத் திரும்பப் பழக்குவார்கள். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று இதற்குப் பெயர். இன்னொரு முறையும் இருக்கிறது. நினைவை மனசில் வைத்தபடி, நிபுணரின் விரல் அசைவைக் கண்ணால் பின்தொடர வேண்டும். அது ஈ.எம்.டி.ஆர். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வாரம் ஒரு முறை வீதம் பெரும்பாலும் 8 முதல் 15 தடவை வரை போகவேண்டியிருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சூளை தெரியும். நெருப்பை நிறுத்திய உடனே கதவைத் திறந்தால் என்ன ஆகும்? குளிர்காற்று பட்டு உள்ளே இருக்கிற பொருள் எல்லாம் விரிசல் விடும். அதற்காகத் திறக்காமலே விட்டாலும் பொருள் கைக்கு வராது. பதமாக ஆறவிட்டுத் திறக்கத் தெரிந்தவர் திறக்கவேண்டும். அன்று நான் பதினைந்து பேர் முன்னால் கதவைப் படாரென்று திறந்துவிட்டேன். நிபுணர் பதம் பார்த்துத் திறந்தார்.

ஒரு எச்சரிக்கை. முதல் சில வாரம் அழுகையும் கனவும் கொஞ்சம் கூடலாம். "போனதும் அதிகமாயிடுச்சு" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள், அதை அப்படியே நிபுணரிடம் சொல்லுங்கள். வேகத்தைக் குறைப்பார்.

மருந்து பற்றி

சிலருக்கு செர்ட்ரலின் போன்ற மாத்திரை எழுதுவார்கள். வேலை செய்யச் சில வாரம் ஆகும். அது போதை மாத்திரை இல்லை. ஆனால் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக்கூடாது. கர்ப்பிணியாக இருந்தால், பால் கொடுத்தால், முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெடிக்கலில் தானாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அது இந்த நோயைத் தீர்க்காது, பழக்கமாகிவிடும்.

சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. பிராதும் கட்டுங்கள், டாக்டரிடமும் போங்கள். ஆனால் சாட்டையடி, பட்டினி, சங்கிலி என்று உடம்பை வதைக்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

குழு செய்ய வேண்டியது

சம்பவம் நடந்த உடனே: பாருங்கள், கேளுங்கள், இணைத்துவிடுங்கள். பாதுகாப்பாக இருக்கிறாரா, சாப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். அவராகப் பேசினால் கேளுங்கள். தேவையான உதவியோடு இணைத்துவிடுங்கள்.

மருத்துவமனை நாளன்று பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், ஒருவர் துணைக்குப் போகலாம். பஸ் செலவுக்குக் குழு நிதியிலிருந்து உதவத் தீர்மானம் போடலாம். தவணைக்குக் கால அவகாசம் கொடுக்கலாம்.

செய்யக் கூடாதது

நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. "மறந்துடு", "உன்னவிடக் கஷ்டப்பட்டவங்க இருக்காங்க" என்று சொல்லக் கூடாது. அவர் சொன்னதை இன்னொரு வீட்டுத் திண்ணையில் சொல்லக் கூடாது.

அதிர்ச்சிக்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தால் முதலில் பாதுகாப்பு, பிறகுதான் சிகிச்சை. பெண்கள் உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் (சகி) தங்குமிடம், போலீஸ், சட்டம், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

"செத்துடலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். தனியாக விடாமல், பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்திவிட்டு, உடனே 14416 அல்லது 108ஐ அழையுங்கள்.

சட்டம் நம் பக்கம்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல் வந்தது, 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறுவது நமது உரிமை. நோய் விவரத்தை ரகசியமாக வைக்கவேண்டும். மனநோயாளியை அடிப்பதும் சங்கிலியால் கட்டுவதும் கூடாது. காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும்.

அந்தச் சகோதரி இப்போது

நான் கேட்ட மன்னிப்பை அவர் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்க மட்டுமா, எல்லாருந்தான் அப்படி சொன்னாங்க" என்றார். எங்கள் ஊக்குநர்தான் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனார். முதல் நாள் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டார்கள். அடுத்த வாரம் உள்ளே போனார்கள். மொத்தம் பன்னிரண்டு தடவை. குழு தவணையை ஆறு மாதம் தள்ளி வைத்தது. அபராத வட்டி போடவில்லை.

ஒரு நாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவரே அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டுக் கொடுத்தார். தீக்குச்சி கையில் லேசாக நடுங்கியது. "இன்னும் நடுங்குதுக்கா. ஆனா பத்த வைக்கிறேன்" என்றார். சூளைப் பக்கம் இன்னும் போவதில்லை. வேறு பட்டறையில் அகல் விளக்குக்கு வர்ணம் தீட்டுகிறார். தோழியின் பெண்ணுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட குழுவில் கடன் கேட்டபோது முதல் கையெழுத்து போட்டவரும் அவர்தான்.

முழுசாக மறந்துவிட்டாரா என்று கேட்காதீர்கள். மறக்கவில்லை. ஆனால் அந்த நாள் இப்போது அவருக்கு நடந்து முடிந்த ஒரு நாள். முன்பெல்லாம் தினமும் அது நடந்துகொண்டே இருந்தது.

அடுத்த கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் திடீரென்று கூட்டத்துக்கு வராமல் போனவர் யார்? காரணம் கேட்டோமா, அபராதம் மட்டும் போட்டோமா?

2. நம் வேலையிடத்தில் விபத்து நடந்தால், காயம் படாமல் தப்பியவர்களை யார் விசாரிப்பது?

3. மருத்துவமனைக்குத் துணை போக நம் குழுவில் இரண்டு பேர் முன்வருவார்களா? பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

4. 14416, 181, 1098, 108 ஆகிய எண்களை எல்லோரும் பாஸ்புக் அட்டையின் பின்பக்கம் எழுதிவிட்டார்களா? ஊக்குநர் சரிபார்க்கவும்.